எண்ணிக்கை ஐந்து

பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள். எண்ணிக்கை ஐந்து என்றது.

திங்கட்கிழமை காலை. அலுவலகத்தில் ஏசி அப்போதுதான் உறுமத் தொடங்கியிருந்தது. பூதக்கண்ணாடி அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டினாள். வீட்டில் உள்ளவர்களைக் காட்டு என்றால் நான்கு வரிசை வந்தது: மாமியார், கணவன், பெரியவள், அவள். மொத்தம் எத்தனை பேர் என்றால் ஐந்து. மறுபடி காட்டச் சொன்னாள், நான்கு. மறுபடி எண்ணச் சொன்னாள், ஐந்து. திரையை விரலால் தொட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக எண்ணியும் பார்த்தாள்.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். மருத்துவமனைகளின் நோயாளிப் பட்டியல்களைப் பாதுகாத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. அந்தப் பட்டியல்களைத் தாங்குகிற டேட்டாபேஸ் மென்பொருளில் புதுப் பதிப்பு வருமுன் ஒரு முன்னோட்டப் பதிப்பு வரும். அரைவேக்காடு என்று அதைச் செய்தவர்களே எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதைக் குடைந்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது இவள் வேலை. மற்றவர்கள் தாண்டிப்போகிற பிழைகள், அவர்கள் பாஷையில் பக், எல்லாம் இவள் கண்ணில் மாட்டிவிடும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அது அவளுக்கு ஒன்றும் உதவப்போவதில்லை.

முன்னோட்டப் பதிப்பில் உண்மையான நோயாளிகளின் விவரத்தைப் போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் சோதிக்கிறவர்கள் வாய்க்கு வந்த பெயர்களை அடித்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், இவள் தன் குடும்பத்தையே அடித்துவிட்டாள். வீட்டாரின் பெயரும் பிறந்த தேதியும் யோசிக்காமலே விரலுக்கு வந்துவிடுமே. நோட்டில் அவள் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. வீட்டில் உள்ளவர்களைச் சேர்த்தேன். கடைசி வரிசையை நீக்கினேன். எண்ணினேன்.

அந்தக் கடைசி வரிசை எது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. நீக்குவதற்கென்றே சும்மா எதையாவது சேர்த்திருப்பாள். நீக்கியது பட்டியலை விட்டுப் போய்விட்டது, எண்ணிக்கையை விட்டுப் போகவில்லை. அவ்வளவுதான் பக். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் மேசைமேல் தட்டுகளை எடுத்து வைத்தாள். கணவன் தன் வழக்கப்படி குளியலறைக் கதவை இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு என்று தட்டி, உள்ளே இருந்த பெரியவளை வெளியே கிளப்பிக்கொண்டிருந்தான். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி மேசையைப் பார்த்தார்.

"ஐஞ்சாவது தட்டு யாருக்கும்மா?"

"கை தவறிடுச்சு அத்தை."

"கை தவறினா தட்டு கீழ விழும். கூட ஒண்ணு முளைக்குமா?"

"விடும்மா. நாளெல்லாம் எண்ணிட்டு வர்றா. வீட்டுலயும் எண்ணச் சொன்னா பாவம்," என்றான் கணவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஐந்தாவது தட்டை எடுத்தாள். மற்ற நான்கையும்விடச் சின்னது அது, ஓரத்தில் ஒரு ரயில் படம், ரயிலின் பின்பாதி தேய்ந்துபோயிருந்தது. இதை எப்போது வாங்கினோம் என்று ஒரு கணம் நின்றவள், அலமாரியின் ஆழத்தில் தள்ளிவிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது பின்னால் யாரோ ஓடினார்கள். வெறுங்கால், சின்னக் கால், நடுக்கூடத்திலிருந்து சமையலறை வரை தடதடவென்று வந்து அவள் முதுகுக்குப் பின்னால் சட்டென்று நின்றது. திரும்பினாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவள் முழங்கால் உயரத்தில், உடையின் ஓரத்தில் மட்டும் ஈரமாக ஒரு கை அளவு கறை இருந்தது.

"மேல் வீட்டுப் பிள்ளைங்க ஓடுதுங்க," என்றார் மாமியார், கேட்காமலேயே.

படுத்து வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் இருப்பது கடைசி மாடி. மேலே மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை மென்பொருள் நிறுவனத்திலிருந்து சப்போர்ட்காரர் கூப்பிட்டார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான், அதுவும் பணிவே உருவான குரல்.

"அருமையான ரிப்போர்ட் மேடம். எங்க பக்கமும் பாத்துட்டோம். நீங்க வேலை பண்ற டேட்டா டேபிள் எங்க மெஷின்லதானே இருக்கு. ஆனா டெஸ்ட் கேஸ் கொஞ்சம் பெருசு. இன்னும் குறைச்சுக் குடுக்க முடியுமா?"

அது அந்தத் தொழிலின் முறை. ஒரு பக்கைக் காட்டுகிறவர் அதைச் சுற்றி இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் பக் நிற்கிறதா? அப்படியானால் எடுத்தது தேவையில்லாதது. இன்னொன்றை எடு. இனி எடுக்க ஒன்றுமில்லை என்ற இடம் வரை எடு. இதை ஒரு கலை என்று அவர்கள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். வெளியாள் யாராவது காது கொடுத்துக் கேட்டால் கசாப்புக் கடைப் பேச்சு என்றுதான் நினைப்பார்.

நான்கு பேரில் யார் தேவையில்லை? எந்த மருமகளிடமும் கேட்கக்கூடாத கேள்வி. காலையில்கூட, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஒரு பேச்சு வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்போடு முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்தாள். நோட்டில், மாமியாரை நீக்கினேன், என்று எழுதினாள். பொத்தானை அழுத்தினாள்.

பட்டியல் மூன்று. எண்ணிக்கை ஐந்து.

அந்தச் சிரிப்பு, எதற்கென்று தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் உதட்டிலேயே இருந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள். மாமியார் என்று ஏதோ சோதனைக்கு வைத்த சொல். அவளுக்கு ஏது மாமியார்? கணவன் தாயில்லாமல் வளர்ந்தவன். அப்படித்தான் அவளுக்குத் தெரியும், அன்று காலை பதினொன்றே காலிலிருந்து.

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்ததும் தைல வாடை அடித்தது. பச்சை நிறக் குப்பியில் வருமே, அந்தத் தைலம். அவர்கள் வீட்டில் யாருக்கும் முட்டி வலி கிடையாது. வாடை பின் அறையிலிருந்து வந்தது. வேண்டாத சாமான்களைப் போட்டு வைக்கிற அறை என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்த அறை. கணவன் கதவைத் தள்ளினான். உள்ளே ஒரு கட்டிலில் படுக்கை விரித்திருந்தது. விரிப்பில் ஒருக்களித்துப் படுத்த உடம்பின் பள்ளம். அவள் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் அது சுடச்சுட இருந்தது. ஜன்னலோரம் ஒரு மாத்திரை டப்பா, வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று கட்டம் பிரித்தது. திங்கள் காலி. செவ்வாய் காலை காலி. செவ்வாய் இரவில் மட்டும் ஒரு வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் இருந்தன.

"யாரோ நம்ம வீட்டுல இருக்காங்க," என்றாள்.

அவன் தைலக் குப்பியை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரை வந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"தெரியல. எனக்கு ஏன் அழுகை வருதுன்னு தெரியல."

அவன் அழுததுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அறையை விட்டு வந்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். பிறகு பெரியவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு விளக்கையெல்லாம் போட்டு உட்கார்ந்தார்கள். எட்டு மணி வாக்கில் பின் அறைக்குள் இருமல் கேட்டது. தொண்டையைச் செருமி, அக்கம்பக்கம் கேட்டுவிடுமோ என்று தயங்கி, பாதியில் அடக்கிக்கொள்கிற இருமல். அப்புறம் கதவின் உள்பக்கம் சுரண்டல். உதைக்கவில்லை, இடிக்கவில்லை. கூப்பிடத் தெம்பில்லாத ஒருவர் நகத்தால் சுரண்டுகிற மாதிரி, நெடுநேரம்.

காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கணவன் தாழ்ப்பாளைத் திறந்து எட்டிப் பார்த்தான். மாத்திரை டப்பாவில் செவ்வாய் இரவு காலியாக இருந்தது. மறுபடி தாழ்ப்பாள் போட்டான்.

புதன்கிழமை அவள் அலுவலகம் போனபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. திரையில் அதே கணக்கு. பட்டியல் மூன்று, எண்ணிக்கை ஐந்து. அப்போதுதான் அந்த எண்ணம் அவளுக்குள் நுழைந்தது. வீட்டில் கூடுதலாக யாரோ இருக்கிறார்கள். டேபிளிலும் கூடுதலாக யாரோ இருக்கிறார்கள். இதை வெளியே சொன்னால் ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் தூங்கச் சொல்வார்கள். ஆனால் அவள் பூதக்கண்ணாடி. விடுவாளா?

"மேடம், மூணு இருக்கே. இன்னும் குறைக்கலாமா?" என்று சப்போர்ட்காரரிடமிருந்து செய்தி வந்தது.

குறைப்போம் என்று நினைத்தாள். எடுக்க எடுக்க மிச்சம் என்ன நிற்கிறதோ, அதுதான் அது. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்துவிட்டால் முகத்தைக் காட்டித்தானே ஆக வேண்டும். மூன்று வரிசையில் தன்னை நீக்க முடியாது, சோதனைக்கான லாகின் கணக்கு அவள் பெயரில் இருந்தது. பெரியவளின் வரிசைமேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். பதினோரு வயதுப் பெண், இரட்டைப் பின்னல், கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறவள். விளையாட்டுக்குக்கூட அங்கே விரல் அழுந்தவில்லை. அம்புக்குறி ஒரு வரிசை மேலே போனது. கணவனை நீக்கினேன், என்று நோட்டில் எழுதினாள்.

பட்டியல் இரண்டு. எண்ணிக்கை ஐந்து.

மாலை பள்ளி வாசலில் பெரியவளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பியவள், ஆண் துணை இல்லாமல் ஒற்றையாளாகப் பெண்ணை வளர்க்கிறவள். என்றைக்கும் அப்படித்தான். அதனால் வாசலில் ஒரு ஆணின் செருப்பு கிடப்பதைப் பார்த்ததும் பெண்ணைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். செருப்பு ஈரமாக இருந்தது. உள்ளே குளியலறையில் கண்ணாடி மங்கி, நீராவி இன்னும் அடங்காமல் நின்றது. தண்ணீர்க் கிண்ணத்தில் சவர நுரை மிதந்தது, அதில் பொடிப்பொடியாக முடி. கொடியில் ஒரு சட்டை. அவள் அதைத் தொடாமலேயே கதவைச் சாத்தினாள்.

"அம்மா, பின் ரூமுக்கு யாரு வெளியில தாழ்ப்பாள் போட்டது?"

"கிட்டப் போகாத."

"உள்ள யாராவது இருந்தா பசிக்காதா?"

அவள் பெண்ணை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை, தெருவில் வண்டிகள் ஓடின, கீழ் வீட்டில் யாரோ தொலைக்காட்சி பார்த்தார்கள். இந்தச் சாதாரணச் சத்தங்களுக்கு நடுவே நடுக்கூடத்தில் ஒருவர் நடந்தார். கனத்த கால், களைத்த கால், வேலைவிட்டு வந்தவரின் கால். அதன் பக்கத்தில் சின்னக் கால் ஒரு எட்டுக்கு இரண்டு எட்டாக ஓடிவந்தது.

"அம்மா. யாரோ என் தலையைத் தடவினாங்க. வீட்டுக்குள்ள நுழையும்போது."

"பயந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்ச கை மாதிரி இருந்துச்சு."

கதவுக்குக் குறுக்கே நாற்காலியை நகர்த்தினாள். அதன்மேல் பெட்டியை வைத்தாள். கால்கள் கதவுக்கு வந்தன. நின்றன. கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. மேலே வந்தது.

தட்டல். இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, ஒன்று.

பெரியவள் எழுந்தாள், கதவைத் திறக்க. அது அவளாகச் செய்ததில்லை, கால் தானாகப் போனது. அம்மா அவளை இடுப்போடு பிடித்து இழுத்து வாயைப் பொத்தினாள்.

இரண்டு. ஒன்று.

இரண்டு. ஒன்று.

அப்புறம் நின்றது. கதவோடு கதவாக ஒரு உடம்பு சரிந்து தரையில் உட்காரும் சத்தம். சின்னக் கால்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. பின் அறையில் சுரண்டல். வேறு யாரும் எதுவும் செய்யவில்லை, வீட்டார் எல்லோரும் ஒரு கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

பயம் வந்தால் எழுதிவைப்பது அவள் வழக்கம். பெண் அழுது அழுது தூங்கியபின் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பேனா எழுதவில்லை. எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கப் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் பின்புறம். சேர்க்க வேண்டியவர்களின் பட்டியல், பெயரில்லாமல் உறவை மட்டும் குறித்து, அவள் கையெழுத்தில். மாமியார். கணவன். பெரியவள். நான். சின்னவன்.

சின்னவன் என்பது கடைசி வரிசை. கடைசி வரிசையை நீக்கினேன்.

அவள் அதைப் படித்தாள். சோதனைச் சொற்கள்தானே என்று நோட்டை மூடப் போனாள். அப்போது தூக்கத்தில் பெரியவள் புரண்டு படுத்தாள், அவள் கண் பெண்ணின்மேல் விழுந்தது. இந்த மூக்கு என் மூக்கில்லை. இந்தப் பிள்ளை வானத்திலிருந்து குதிக்கவில்லை, இவளுக்கு ஒரு அப்பன் இருந்தே ஆக வேண்டும். அப்பன் இருந்தால் அவனுக்கு ஒரு தாய். பெரியவள் என்று ஏன் கூப்பிடுகிறேன்? பெரியவள் என்றால் சின்னது ஒன்று இருக்க வேண்டும். பெண் என்கிற ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு அவள் மற்ற மூவரிடமும் போய்ச் சேர்ந்தாள். ஞாபகம் வரவில்லை. ஒரு முகம்கூட வரவில்லை. கணக்கு மட்டும் சரியாக வந்தது.

அவள் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியை இறக்கினாள், நாற்காலியை நகர்த்தினாள், கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பின் அறைத் தாழ்ப்பாளையும் போய்த் திறந்துவிட்டு வந்தாள். வெறும் காற்றைப் பார்த்து, "என்னை மன்னிச்சுடுங்க. நான் உங்களைத் திரும்பக் கொண்டுவந்துடுறேன்," என்றாள். அவள் மடியில் ஏதோ கனமாக ஏறி உட்கார்ந்தது. வாய்க்குள் வைத்த விரலின் ஈரம் அவள் கழுத்தில் பட்டது. யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மடிக்கணினியைத் திறந்து, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தாள். சின்னவன், என்று அடித்தாள். பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் ஏற்க முடியாது என்றது திரை. மகனின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. பீரோவில் இருந்த காகிதங்களையெல்லாம் கொட்டித் தேடினாள். பெரியவளின் பள்ளி அட்டையில் தந்தை பெயர் என்ற இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. காகிதமும் ஒரு பட்டியல்தான், அங்கேயும் போய்விட்டார்கள். பழைய நிலைக்குத் திரும்பும் வசதி முன்னோட்டப் பதிப்பில் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள்தான் அதைப் படித்து ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்டவள். மிச்சம் ஒன்றுதான் செய்ய முடிந்தது. அந்த டேபிளை யாரும் தொடாதீர்கள் என்று சப்போர்ட்டுக்கு எழுதினாள். உங்கள் செய்தி கிடைத்தது, வேலை நேரத்தில் தொடர்பு கொள்வோம் என்று உடனே பதில் வந்தது. அது இயந்திரம் அனுப்புகிற பதில்.

வியாழன் காலை எட்டு மணி. வெயில் படுக்கை வரை வந்திருந்தது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிற எண்ணம் அவளுக்கு இல்லை, ஆனால் ஒரு நொடிகூட கையை எடுக்கவும் மனமில்லை. அதனால் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். பெரியவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, முடிவில் கட்டுவதற்கான நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு பின்னல் முடிந்து இரண்டாவது பாதி. போன் மணி அடித்தது. இரண்டு கையிலும் முடி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"குட் மார்னிங் மேடம். உங்க மெசேஜ் வந்திருக்கு, இன்னும் படிக்கல. நீங்க ரெண்டுல நிறுத்திட்டீங்க போல. பரவால்ல, இன்னும் ஒண்ணை நாங்களே எடுத்துடுறோம்."

"வேண்டாம். எடுக்காதீங்க. கையை வைக்காதீங்க அதுல."

"ஒரு நிமிஷம்தான் மேடம், இதோ ஓப்பன்லதான் இருக்கு."

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. அது என் பொண்ணு. அந்த வரிசை என்"

அவள் நிறுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்?"

"இல்ல. என்னமோ சொல்ல வந்தேன்."

"பட்டியல் ஒண்ணு, எண்ணிக்கை அஞ்சு. சூப்பர் மேடம். இதைவிடச் சின்னதா காட்டவே முடியாது."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி இருந்தன. அவற்றுக்கு நடுவே எதுவும் இல்லை. ஆனால் கனம் இருந்தது. வழவழப்பாக, கதகதப்பாக, மூன்று பிரியாக, உயிருள்ள ஏதோ ஒன்றின் கனம். அது அசைந்தது. திரும்பி அவளைப் பார்ப்பதுபோல அசைந்தது.

கையை உதறினாள். எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவள் தனியாக வாழ்கிறவள். என்றைக்கும் தனியாகத்தான். நோட்டு கட்டிலில் திறந்து கிடந்தது, கணவன், மாமியார் என்று ஏதேதோ கிறுக்கல். பிடித்துக்கொள்ள நூல் இல்லை.

முக்காலி நகர்ந்தது. நடுக்கூடத்தில் கனத்த கால். அறை வாசலில் இருமல். தைல வாடை. எல்லாம் கிட்ட வந்தன. நாலாபக்கமும். அவளை எங்கும் போகவிடாமல். ஒரு சின்னக் கை உடையின் ஓரத்தைப் பிடித்தது. கொஞ்சம் பெரிய கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

"மேடம், இருக்கீங்களா? எண்ணிக்கையைப் பட்டியலோட ஒத்துப்போற மாதிரி சரி பண்ற ஃபிக்ஸ் ரெடியா இருக்கு. கூடுதலா நிக்கிறதெல்லாம் ஒரேயடியா போயிடும். உங்க டேபிள்ல ஓட்டிப் பாக்கவா? ஃபிக்ஸ் ஓட்ட மட்டும் நீங்க சரின்னு சொன்னாத்தான் முடியும்."

மணிக்கட்டைப் பிடித்த கை அவளை உலுக்கியது. மாட்டேன் மாட்டேன் என்பதுபோல. காதருகே மூச்சு. வார்த்தை இல்லாத மூச்சு.

"பண்ணுங்க," என்றாள். "சீக்கிரம் பண்ணுங்க."

விசைப்பலகைச் சத்தம் நான்கைந்து தட்டு கேட்டது.

உடையின் ஓரம் விடுபட்டது. வாசலில் இருமல் பாதியில் நின்றது. தைல வாடை போனது. மணிக்கட்டில் இருந்த விரல்கள்தான் கடைசி. ஒவ்வொன்றாக, பிய்த்து எடுத்ததுபோல, சுண்டு விரல், அடுத்தது, அடுத்தது.

"இப்ப பாருங்க மேடம்."

அவள் பார்த்தாள். பட்டியல் ஒன்று. எண்ணிக்கை ஒன்று. வீடு முழுக்க அமைதியாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரியா இருக்குங்க. ரொம்ப நன்றி. ரொம்ப ரொம்ப நன்றி."

"நாங்கதான் மேடம் நன்றி சொல்லணும். உங்க பேரைப் புதுப் பதிப்போட ரிலீஸ் குறிப்புல போடுறோம்."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்கவில்லை, அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அவளைக் கேட்காமலேயே எழுந்து, காலி முக்காலிக்கு மேலே, காற்றை மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கியிருந்தன. நிறுத்தச் சொன்னாள், நிற்கவில்லை. இடது பிரி நடுவில், வலது பிரி நடுவில் என்று மெதுவாக, முடி சிக்காமல், பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கி, பின்னல் முடிகிற இடத்துக்கு வந்தன. அங்கே வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் முன்னால் நீண்டு, யாரோ நாடாவைக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தன.